பாட்டும் படமும்

சென்ற மாதம் ஓட்டமாவடியிலுள்ள ஒரு பாடசாலையின் தமிழ் மன்றத்தார், தாம் நடத்திய விவாத அரங்கிற்கு நடுவராக வருமாறு என்னை அழைத்திருந்தனர். “மேனாட்டுப் பொப் இசை எம் இளைஞரின் சுவையைக் கெடுத்ததா, வளர்த்ததா?” என்பது விவாதப் பொருள். இத்தகைய அரங்குகள் எவ்வாறு முடியும் என்பதை ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர். ஒரு சாரார் பண்பாட்டை எடுத்தோதுவர். மறு சாரார் காலமாற்றத்தை எடுத்தோதுவர். கைதட்டல் இரு பக்கமும் சமமாக ஒலிக்கும். நடுவரானவர் இரு பக்கத்தும் உண்மை உண்டு என்று கூறி, தேநீர் அருந்தி வீடு திரும்புவார். நானும் அவ்வாறே திரும்பியிருப்பேன். ஆனால் வளர்த்தது என்ற கட்சியில் நின்ற மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், நாற்பது வருடத்துக்கு முன் ஆங்கிலேயப் பாடகர்கள் சிகிரியாக் குன்றின் மேல் நின்று பாடிப் படம் பிடித்தார்கள். நமது நாட்டை உலகத்துக்குக் காட்டியதே அந்தப் பாட்டுத்தான்” என்றாள்.

அவள் குறிப்பிட்ட பாட்டை நான் அறிவேன். அறிவேன் என்று மட்டும் சொல்லுதல் போதாது. என் வாழ்நாளில் நான் செய்து, இன்றளவும் ஈடுசெய்ய இயலாத பிழையொன்று அப்பாட்டோடு பிணைந்து கிடக்கின்றது. அன்று மேடையில் அதனைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. ஆகவே இவ்வாரம் இப்பகுதியில் அதனை எழுதுகின்றேன்.

முதலில் அப்பாடகர்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். டுரான் டுரான் என்பது அக்குழுவின் பெயர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஆலைகளும் மோட்டார்த் தொழிலும் நிறைந்த பேர்மிங்ஹாம் நகரில், நிக் றோட்ஸ், ஜோன் டெய்லர் என்னும் நண்பர் இருவர் 1978 ஆம் ஆண்டு இதனைத் தொடக்கினர். 1968 இல் வெளிவந்த ‘பார்பரெல்லா’ என்னும் திரைப்படத்துப் பாத்திரம் ஒன்றின் பெயரிலிருந்து தம் குழுவுக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர். பின்னர் றோஜர் டெய்லர், அன்டி டெய்லர் என்பார் சேர்ந்தனர். டெய்லர் மூவர், மூவருக்கும் உறவு ஏதுமில்லை. 1980 இல் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றுகொண்டிருந்த சைமன் லெ பொன் என்னும் இளைஞர், தாம் எழுதிய பாக்கள் அடங்கிய குறிப்பேட்டோடு வந்து பாடகராக அமர்ந்தார்.

அந்நகரின் இரவு விடுதி ஒன்றே அவர்களுக்குப் பயிற்சிக்கூடமாயிற்று. பயிற்சிக்கு இடங்கொடுத்த அவ்விடுதியிலேயே ஒருவர் வாயிற்காவல் புரிந்தார். ஒருவர் குவளைகளைச் சேர்த்தெடுத்தார். ஒருவர் அடுக்களையில் சமைத்தார். ஒருவர் இசைத்தட்டுச் சுழற்றினார். பகட்டான ஆடையும் முகப்பூச்சும் அணிந்த இவ்விளைஞரைப் பார்த்து, இவர்கள் அழகினால் மட்டும் உயர்ந்தவர்கள் என்று அக்காலத் திறனாய்வாளர் சிலர் ஏளனம் செய்தனர். அவ்வேளனம் முழுதும் நேர்மையானதன்று. குவளை பொறுக்கிய கைகளே தாளமும் பயின்றன என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

1980 டிசம்பரில் ஈ. எம். ஐ. நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் செய்தது. 1981 இல் முதலிசைத்தட்டு வெளிவந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 1 ஆந் திகதி அமெரிக்காவில் எம். ரி. வி. என்னும் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. பாட்டைக் கேட்பது மாறி, பாட்டைப் பார்க்கும் காலம் பிறந்தது. இம்மாற்றத்தை மற்றெவரினும் முந்தி உணர்ந்தவர்களுள் இக்குழுவினரும் அவர்தம் ஒளிப்பட இயக்குநராகிய ரசல் மல்கேயும் அடங்குவர். நாள் முழுதும் பாட்டுக்குப் படங்காட்டும் சேவைக்குப் படங்கள் வேண்டும். கண்டறியாத நிலங்களில் எடுத்த படங்களாயின் இன்னும் நன்று. 1982 இல் அவர்கள் இலங்கைக்கு வந்ததன் காரணம் இதுவே.

மூன்று பாடல்களுக்கு இங்கே படம் எடுத்தனர். அவற்றுள் ‘சேவ் எ பிரேயர்’ என்பது மென்மையான பாட்டு. சிகிரியாக் குன்றின் உச்சி, பொலன்னறுவையின் சிதைந்த விகாரங்கள், தென்கரையின் கடல் ஆகியவை அதில் வருகின்றன. ‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’ என்னும் மற்றொன்றில் தெருவும் காடும் வருகின்றன. முன்னது அவ்வாண்டே பிரித்தானிய விற்பனை வரிசையில் 2 ஆம் இடத்தை அடைந்தது; பின்னது 1983 இல் அமெரிக்க வரிசையில் 3 ஆம் இடத்தை அடைந்தது. 1984 இல் பாட்டுப் படத்திற்கான கிராமி விருதும் அவர்களைச் சேர்ந்தது. அதே ஆண்டு ‘த றிஃப்ளெக்ஸ்’ இரு நாடுகளிலும் முதலிடம் பெற்றது. 1985 இல் ஜேம்ஸ் பொன்ட் திரைப்படம் ஒன்றுக்கு அவர்கள் பாடிய பாட்டு, அவ்வரிசைப் படங்களின் பாடல்களுள் அமெரிக்காவில் முதலிடம் எய்திய முதற்பாட்டாயிற்று.

ஏறியது விரைவு, இறங்கியதும் விரைவே. 1985 இலேயே ஐவரும் இரு கூறாகித் தனித்தனிக் குழுக்களில் பாடத் தலைப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 13 இல் பிலடெல்பியாவில் நடந்த ‘லைவ் எயிட்’ நிகழ்ச்சியில் ஐவரும் ஒருங்கு தோன்றினர். மீண்டும் ஐவரும் ஒரே மேடையில் நிற்பதற்கு 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. 1986 இல் டெய்லர் மூவருள் ஒருவரே எஞ்சினார். அழகிய முகங்களின் காலம் கழிந்தது என்று பலர் எழுதினர். ஆனால் 1993 இல், ‘ஓர்டினரி வேர்ல்ட்’ என்னும் பாட்டினால் அவர்கள் மீண்டெழுந்தனர். படம் தந்த புகழ் தேய்ந்த பின்னரும் பாட்டுக் கட்டும் திறன் தேயவில்லை. 2022 இல் அமெரிக்காவின் ரொக் இசைப் பெருமன்றத்திலும் அவர்கள் பெயர் பொறிக்கப்பட்டது. இஃது அவர்கள் கதை.

இனி என் கதை.

அப்பாட்டுக்கு எடுத்த படத்தை நாங்கள் அந்நாளில் காணவில்லை. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் தொடங்கியதாயினும், ஓட்டமாவடியில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். எங்களுக்கு வானொலியே உலகம். சவூதிக்குத் தொழிலுக்குப் போயிருந்த என் காக்கா விடுமுறையில் வந்தபோது, வானொலியும் ஒலிப்பதிவும் கூடிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். தெருவே திரண்டு வந்து அதனைப் பார்த்தது. சிறுவர் தம் பெயரைச் சொல்லிப் பதிந்து கேட்டுச் சிரித்தனர். காக்காவோ ஒரு நோன்பு இரவில், சஹர் நேரத்துக்குச் சற்று முன், எங்கள் உம்மம்மாவைத் திண்ணையில் இருத்தி, கவி படிக்கச் சொல்லி ஒலிநாடா ஒன்றில் பதிந்துகொண்டார்.

உம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் கவி தெரியும். வெள்ளாமைக் காலத்தில் வட்டையில் பாடுவது, தொட்டிலாட்டும்போது பாடுவது, பெண் கேட்டு வந்தவர்களைக் கேலி செய்வது என்று நாலடி நாலடியாக அவர் வாயிலிருந்து வரும். 1978 நவம்பர் 23 இல் அடித்த சூறாவளியைப் பற்றித் தாமே கட்டிய கவிகளும் உண்டு. எந்த வீட்டுக் கூரை எந்த வளவில் விழுந்தது, எவருடைய மாடு எங்கே கிடந்தது, தென்னை முறிந்த ஒலி எத்தகையது என்பனவெல்லாம் அதில் இருந்தன. ஊரின் வரலாற்றேடு என்று அதனைச் சொன்னால் மிகையாகாது. அந்த ஒலிநாடாவின் முதுகிலிருந்த சிறு தகட்டைக் காக்கா உடைத்து வைத்தார். அதனை உடைத்துவிட்டால் வேறொன்றை அதன்மேல் பதிய முடியாது. பின்னர் அவர் மீண்டும் சவூதிக்குப் போய்விட்டார்.

1984 இல் எனக்கு வயது பதினைந்து. ஆங்கிலச் சேவையில் ஒரு மாலை நேரத்தில் அப்பாட்டு ஒலிபரப்பானது. சொற்கள் எனக்குப் பாதியும் விளங்கவில்லை. ஆயினும் தொடக்கத்தில் மின்னிசைக் கருவியிலிருந்து சிறு சிறு மணிகளாய் உதிரும் அவ்வொலி என்னைப் பித்தாக்கிற்று. மறுமுறை ஒலிபரப்பாகும்போது பதிந்துவிட வேண்டும் என்று உறுதி கொண்டேன். புதிய ஒலிநாடா வாங்கப் பணமில்லை. வீட்டில் இருந்தவை மூன்று. இரண்டில் மார்க்கச் சொற்பொழிவு. அவற்றைத் தொட அச்சம். மூன்றாவது உம்மம்மாவின் குரல். தகடு உடைந்த இடத்தில் காகிதத்தை மடித்து அடைத்தேன். பொத்தான் அமிழ்ந்தது. பாட்டும் பதிந்தது. அந்த ஒரு பாட்டுக்காக மட்டும் நான் அதனை அழிக்கவில்லை. அன்றிரவு வந்த பாட்டுகள் அனைத்தையும், நாடாவின் ஒரு பக்கம் முடியும்வரை பதிந்தேன். அடுத்த வாரம் மறு பக்கமும் போயிற்று.

செய்தி தெரிந்தபோது உம்மா அடித்தார். உம்மம்மா அடிக்கவில்லை, சிரித்தார். “போனாப் போகட்டும் மகன், நான் இன்னொரு நாளைக்குப் படிச்சித் தாறன்” என்றார். அந்த இன்னொரு நாள் வரவில்லை. பெட்டி பழுதாயிற்று, திருத்தினோம், பரீட்சை வந்தது, பின்னர் அவருக்கு மூச்சிளைப்பு வந்தது. 1986 இல் உம்மம்மா மெளத்தானார். அவருடைய கவிகளுள் எனக்கு இன்று முழுமையாக நினைவிலிருப்பவை ஆறோ ஏழோ. மெட்டு நினைவிருக்கின்றது, குரல் நினைவில்லை. சூறாவளிக் கவியில் ஓரடிகூட மிஞ்சவில்லை.

இக்கதையைக் கேட்டவுடன், ‘பார்த்தீர்களா, மேனாட்டு இசை எம் செல்வத்தை அழித்தது’ என்று கெடுத்தது கட்சியார் எழுந்துவிடக் கூடும். அவர்களை அமரும்படி வேண்டுகின்றேன். அழித்தது பேர்மிங்ஹாமின் பாட்டன்று. ஓட்டமாவடியின் சிறுவனது கை. அக்கையை இயக்கியது பாட்டின் மீது கொண்ட ஆசையன்று. வீட்டிலிருப்பது என்றும் வீட்டிலிருக்கும், வெளியிலிருந்து வருவதே கைநழுவிப் போகும் என்ற மயக்கம். உண்மை நேர்மாறானது. அப்பாட்டின் மூலப்பதிவு இலண்டன் நிறுவனத்தின் பாதுகாப்பில் இருந்தது. நான் பதியாதிருந்தாலும் அஃது அழிந்திராது. இன்றும் எந்தக் குழந்தையும் ஒரு நொடியில் அதனைக் கேட்கலாம். உம்மம்மாவின் குரலுக்கோ உலகில் இருந்தது அந்த ஒரே நாடா.

அயல் இசையை அஞ்சுவோருக்கு மட்டக்களப்பே தக்க விடை கூறும். போர்த்துக்கேயர் 1628 இல் இங்கே கோட்டை எழுப்பினர். பத்தாண்டு கழிந்து 1638 இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஆண்டவர் போயினர், அவர்தம் பாட்டுப் போகவில்லை. மட்டக்களப்பின் பறங்கியர் சமூகத்துத் திருமணங்களில் வயலினோடு கபரிஞ்ஞா ஆட்டமும், போர்த்துக்கேயக் கிரியோல் மொழிப் பாடலும் எங்கள் காலம்வரை வந்தன. அவ்வூற்றிலிருந்து பைலா பிறந்தது. பைலாவின் துள்ளலையும் மேனாட்டுக் கிதாரையும் சேர்த்து, நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடலை உருவாக்கினர். மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ கடல்கடந்து தமிழ்நாட்டையும் ஆட்டிவைத்தது. கர்நாடக இசையில் இன்று வயலினை அந்நியம் என்பார் உளரோ? எனவே வந்த பாட்டினால் இருந்த பாட்டுக் கெடும் என்பது பொருந்தாது. வந்ததைப் பாடுவார் இருந்து, இருந்ததைப் பாடுவார் இல்லாதொழிந்தால் மட்டுமே கேடு விளையும்.

வளர்த்தது கட்சியாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்படம் எமது நாட்டை உலகுக்குக் காட்டியது என்றாள் அம்மாணவி. எதனைக் காட்டியது? பல ஆண்டுகள் கழித்து அதனை நான் பார்த்தேன். அழகிய படம், ஐயமில்லை. குன்று இருக்கின்றது, யானை இருக்கின்றது, கிடந்த கோலத்துப் புத்தர் சிலை இருக்கின்றது, மனிதரும் இருக்கின்றனர். ஆனால் அம்மனிதருள் எவரும் பேசவில்லை, எவரும் பாடவில்லை. அதே சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குன்றைக் காண வந்த எளிய மக்கள் தம் பாக்களைக் கீறி வைத்தனர். அவற்றுள் 685 பாக்களைப் பேராசிரியர் பரணவிதான படித்தெடுத்து 1956 இல் பதிப்பித்தார். அதே பொலன்னறுவையில் சோழர் காலத்துச் சிவாலயங்கள் நிற்கின்றன. வேளைக்காரப் படையினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் நிற்கின்றது. எங்கள் ஊரின் பழைய இரும்புப் பாலத்தைக் கடந்து கொழும்பு நோக்கிச் செல்லும் புகையிரதம் அப்பொலன்னறுவையைத் தொட்டே சென்றது. இவையெல்லாம் சில நாள் விருந்தினராக வந்தவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அவர்கள் தம் பாட்டுக்குப் பின்திரை தேடி வந்தனர், கிடைத்தது, சென்றனர். படம் வெளிவந்த மறு ஆண்டு, 1983 ஜூலையில், அத்தீவு பற்றியெரிந்தது. படத்தில் கண்ட அமைதியான தீவும், செய்தியில் கண்ட தீவும் ஒன்றுதானா என்று அயலார் வியந்திருப்பர். பிறர் எடுத்த படத்தில் நாம் பேசுவதில்லை. நம் குரலை நாமே பதிந்தால் அன்றி எவரும் பதியார்.

இதனை எம் முன்னோர் அறியாதவரல்லர். காரைதீவில் 1892 இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழைத் தேடிப் பல்லாண்டு உழைத்தார். சிலப்பதிகாரத்து வரிகளையும் கணக்கியலையும் துணைக்கொண்டு நரம்புகளின் அளவையும் பண்களின் முறையையும் நிறுவினார். அவருடைய ‘யாழ்நூல்’ 1947 இல் வெளிவந்தது. அவ்வாண்டே அடிகளும் மறைந்தார். எத்துணை அரிய உழைப்பு! ஆயினும் அடிகளால் கணக்கையே மீட்க முடிந்தது. பழம் பாணனின் குரலை மீட்க முடியவில்லை. எவராலும் முடியாது. பாணன் காலத்தில் பதிவுப் பொறி இல்லை. வி. சீ. கந்தையா 1964 இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதி இம்மண்ணின் வழக்காறுகளைத் தொகுத்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக அரங்கில் ஏற்றினார். அவர்தம் காலத்தில் ஒலிப்பதிவுப் பொறி எளியோர் கைக்கு எட்டாத பொருள். எமக்கோ அந்தச் சாக்கும் இல்லை. இன்று வட்டைக்குப் போகின்ற இளைஞன் சட்டைப் பையிலும் பதிவுப் பொறி கிடக்கின்றது. கவி படிக்கும் முதியவர்தாம் அருகி வருகின்றனர்.

ஆதலால் ஆசிரியர்களுக்கும் மாணவர்க்கும் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுக்குப் பத்துப் பாட்டுகளைப் பதியட்டும். வெள்ளாமைக் கவியோ, தாலாட்டோ, பக்கீர் பைத்தோ, களிகம்புப் பாட்டோ, கூத்துத் தருவோ, பறங்கியர் திருமணப் பாட்டோ, எதுவாயினும் ஆகுக. பாடுபவரின் இசைவை முதலில் பெறுக. பெயர், ஊர், வயது, பதிந்த நாள், அப்பாட்டு எவ்விடத்தில் எதற்காகப் பாடப்பட்டது என்பவற்றைப் பாட்டின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிப் பதிக. ஒரே பொறியில் வைத்திருத்தல் ஆகாது. பாடசாலையில் ஒரு படி, பாடியவரின் வீட்டில் ஒரு படி, 2005 முதல் ஈழத்து எழுத்துகளைத் திரட்டிக் காத்துவரும் ‘நூலகம்’ போன்ற எண்ணிமக் காப்பகத்தில் ஒரு படி என மூன்றிடத்தில் வைக்க. இசை நயம் பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டாம். இருமலையும் சேர்த்துப் பதிக. எது அரியது என்று பின்வருவோர் தீர்மானிக்கட்டும்.

அன்றைய விவாதத்தில் நான் வெற்றி தோல்வி கூறவில்லை. இரு கட்சியாரும் தவணை முடிவதற்குள் ஆளுக்கொரு பாட்டைத் தம் வீட்டிலிருந்தோ அயல்வீட்டிலிருந்தோ பதிந்து வருக என்று மட்டும் சொன்னேன். சிலர் சிரித்தனர். இன்றுவரை என்னிடம் வந்து சேர்ந்தவை நான்கு. அவற்றுள் ஒன்று அம்மாணவி அனுப்பியது. அவளுடைய மூத்தம்மா மூன்று கவிகளைத் தடையின்றிப் படிக்கின்றார். நான்காவதன் நடுவில் நின்று, “அங்கால மறந்து போச்சி” என்கின்றார். பின்னால் யாரோ ஓர் அடியை எடுத்துக் கொடுக்கின்றனர். அஃது அதுவன்று என்று அவர் மறுக்கின்றார். சற்று நேரம் மௌனம். பிறகு பதிவு முடிந்துவிடுகின்றது.

அந்த மறந்த அடியை அறிந்தவர் இன்னும் எவரேனும் வாழைச்சேனையிலோ மீராவோடையிலோ இருக்கக் கூடும். அம்மாணவி தேடிக்கொண்டிருக்கின்றாள். அடுத்த வெள்ளாமை வரை அவர் இருப்பார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இன்னொரு நாள் என்பதை நம்பி இழந்தவன் நான். இவ்வார இறுதியிலேயே உங்கள் வீட்டு முதியவர் அருகே சென்று அமர்க.